1965-க்கு முந்தைய மருத்துவ இதழ்க் குறிப்புகள்: பப்மெடில் கிடைக்காதவற்றை எப்படித் தேடுவது?

அட்டைக்குறிப்பு (வினா):

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆய்வுத் துறையில் சேர்ந்துள்ள பழைய மேற்கோள் அட்டைகளைக் கணினிக்கு மாற்றும் பணியில் இருக்கிறேன். தட்டச்சிலும் கையெழுத்திலும் உள்ள இந்த அட்டைகள் ஏறத்தாழ 1880 முதல் 1965 வரை வெளியான மருத்துவக் கட்டுரைகளைக் குறிப்பவை. அவற்றை ஸ்கேன் செய்து, ஓசிஆர் மென்பொருள் வழியாக உரையாக்கி, ஒவ்வொன்றையும் பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் உள்ள உரிய பதிவோடு இணைக்க வேண்டும் என்பது திட்டம்.

கட்டுரைத் தலைப்பை அப்படியே இட்டுத் தேடினால் பெரும்பாலானவற்றுக்கு எதுவும் வருவதில்லை. 1897-இல் வெளியான கட்டுரை உடனே கிடைக்கிறது. 1930-இல் வெளியான ஒன்று, பெயர்பெற்ற இதழில் வந்திருந்தும், கிடைப்பதில்லை. இது உரையாக்கத்தில் நேர்ந்த பிழையா, தரவுத்தளத்தின் எல்லையா என்று எப்படிப் பிரித்தறிவது? கிராஸ்ரெஃப் என்ற கட்டுரைப் பதிவுத் தளத்தின் வழியாக மொத்தமாகப் பொருத்திப் பார்த்தால் எல்லாக் குறிப்புகளுக்கும் ஏதோ ஒரு விடை வந்துவிடுகிறது. எனக்கு ஐயம் தருவதே அதுதான்.

நூலடுக்கு:

பப்மெடை முதலிலிருந்து கடைசிவரை சீரான ஒரே பட்டியல் என்று கொள்வதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. அது வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் உருவான பதிவுகளின் தொகுப்பு. ஜான் ஷா பில்லிங்ஸும் ராபர்ட் ஃபிளெட்சரும் 1879-இல் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ், மருத்துவக் கட்டுரைகளுக்கு அச்சில் வந்த பட்டியல். மெட்லார்ஸ் என்ற கணினி முறை 1964-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அச்சுப் பட்டியல்களைப் பின்னாளில் கணினியில் ஏற்றி உருவாக்கியதே ஓல்ட்மெட்லைன் என்னும் பகுதி. அது 1946 வரைதான் பின்னோக்கிச் செல்கிறது.

1946-க்கு முந்தைய பதிவுகள் பப்மெடில் இருக்கின்றன என்றால், அவற்றில் பெரும்பாலானவை, கட்டுரைகளை முழுமையாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் என்ற காப்பகத்துக்காகப் பழைய இதழ்களை முழுமையாக ஸ்கேன் செய்தபோது உடன் வந்தவை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அவ்வாறு 1840 வரை கிடைக்கிறது. அந்தத் திட்டத்தில் சேராத இதழ்கள் கிடைப்பதில்லை. ஆகவே 1897 இருப்பதும் 1930 இல்லாததும் கட்டுரையின் தகுதியைப் பொறுத்ததன்று, எந்த இதழ் ஸ்கேன் செய்யப்பட்டது என்பதையே பொறுத்தது. லான்செட்டின் 1823 முதலான இதழ்களும், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் 1812 முதலான இதழ்களும் அந்தந்தப் பதிப்பாளர்களின் தளங்களில் உள்ளன. அங்கே நேரடியாகத் தேடுங்கள்.

மற்றவற்றுக்கு இண்டெக்ஸ் கேட்டலாக்கைப் பாருங்கள். 1880 முதல் 1961 வரை ஐந்து வரிசைகளாக 61 தொகுதிகளில் வெளிவந்த அந்தப் பெரும்பட்டியல் 2004 முதல் இண்டெக்ஸ்கேட் என்ற பெயரில் இணையத்தில் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒவ்வொரு வரிசையும் பொருள் தலைப்புகளை ஆங்கில அகரவரிசையில் ஏறுமுகமாக எடுத்துக்கொண்டது. 1936-இல் தொடங்கிய நான்காம் வரிசை எம் எழுத்தைத் தாண்டாமலேயே 1955-இல் நிறுத்தப்பட்டது. அதனால் 1930களின் இறுதியில் வந்த இதயம் பற்றிய கட்டுரைக்கு அதில் இடமிருக்கக்கூடும். அதே ஆண்டில் காசநோய் பற்றி வந்த கட்டுரை அதில் விடுபட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி. அத்தகையவற்றுக்கு 1927 முதல் 1956 வரை வெளிவந்த குவார்ட்டர்லி க்யூமுலேட்டிவ் இண்டெக்ஸ் மெடிகஸின் தொகுதிகளைப் புரட்டுவதைத் தவிர எளிய வழி இல்லை.

எழுத்துணரி:

நூலடுக்கு கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய குறிப்புகளைத் தலைப்பால் தேடாதீர்கள், எண்களால் தேடுங்கள். மேற்கோள் காட்டியவர்கள் தலைப்பைச் சுருக்கினார்கள், மாற்றினார்கள், சிலர் எழுதாமலே விட்டார்கள். இதழ், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் ஆகிய நான்கும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். பப்மெடில் உள்ள சிங்கிள் சைட்டேஷன் மேட்சர் இதற்கென்றே அமைந்தது. பட்டியல் நீளமாக இருந்தால் பேட்ச் சைட்டேஷன் மேட்சரில் வரிவரியாக இட்டு மொத்தமாகப் பொருத்தலாம்.

எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியை அறிவித்த 1882ஆம் ஆண்டுக் கட்டுரை பெர்லினர் கிளினிஷே வோஹென்ஷ்ரிஃப்ட் இதழில் 221ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. பல மேற்கோள் பட்டியல்களில் அதன் தொகுதி எண் 15 என்றிருக்கும். அந்த இதழ் 1864-இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு தொகுதியாக வந்தது. ஆகவே 1882-க்கு உரிய தொகுதி 19. பிழையாக இடம்பெற்ற 15 என்பது வார இதழின் எண். ஒருவர் இடம் மாற்றி எழுதியதை மூலத்தைப் பார்க்காமல் பிறர் படியெடுத்து வந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வோர் இதழுக்கும் தொடக்க ஆண்டையும் ஆண்டுக்கு எத்தனை தொகுதிகள் என்பதையும் ஓர் அட்டவணையில் வைத்துக்கொண்டால் இத்தகைய பிழைகளைக் கணக்கிட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலில் கண்ட நிறமிச் செல்களைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 1897 டிசம்பர் 18 இதழில் எழுதிய கட்டுரைக்குத் தொகுதி 2, இதழ் எண் 1929, பக்கம் 1786. குறிப்பை ஆண்டு, தொகுதி, பக்கம் என்று பிரிக்கும் நிரல் அந்த 1929-ஐ ஆண்டு என்று எடுத்துக்கொள்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் லான்செட்டும் ஆண்டுக்கு இரண்டு தொகுதிகளாக எண்ணப்பட்டவை என்பதால், ரோமன் எண்ணில் எழுதிய இரண்டை மென்பொருள் 11 என்று படித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 3-க்கும் 8-க்கும் இடையிலான தடுமாற்றம் எல்லோரும் அறிந்ததே.

இதழ்ப் பெயர்களும் மாறியிருக்கும். 1840-இல் ப்ரொவின்ஷியல் மெடிக்கல் அண்ட் சர்ஜிக்கல் ஜர்னலாகத் தொடங்கியது 1853-இல் அசோசியேஷன் மெடிக்கல் ஜர்னல் ஆகி, 1857-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்று பெயர் பெற்று, 1988-இல் பிஎம்ஜே என்று சுருங்கியது. கட்டுரை வெளியான காலத்துப் பெயரிலேயே பதிவுகள் இருப்பதால், இன்றைய பெயரை மட்டும் இட்டால் பழையவை தவறிவிடும்.

கிராஸ்ரெஃப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே. அது கேட்டதற்கு மிக நெருக்கமானதைத் தரவரிசைப்படுத்தித் தருகிறது. உரியது அங்கே இல்லாதபோதும் நெருக்கமானது என்று ஒன்று இருக்கத்தானே செய்யும். ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் ஆகிய மூன்றில் இரண்டும், முதல் ஆசிரியரின் குடும்பப் பெயரும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அட்டைக்குறிப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. தொடக்க ஆண்டு அட்டவணையை இன்றே தொடங்கிவிடுகிறேன். துணைக்கேள்வி ஒன்று. இந்தத் தொகுப்பைப் பயன்படுத்தப் போகிறவர்கள் குறிப்பிட்ட கட்டுரையை மட்டும் தேட மாட்டார்கள். ஒரு நோயைப் பற்றிப் பழைய காலத்தில் வந்தவை அனைத்தையும் கேட்பார்கள். அதற்குப் பப்மெடின் சொல்தேடலைச் சார்ந்திருக்கலாமா?

மூலப்பிரதி:

அதை மட்டும் சார்ந்திருக்க முடியாது. பப்மெடின் முதன்மைப் பகுதியான மெட்லைனின் பதிவுகளில் ஆய்வுச்சுருக்கங்கள் இடம்பெறத் தொடங்கியது 1975-இல். அதற்கு முந்தைய பதிவில் நீங்கள் இடும் சொல் தலைப்பிலோ, கட்டுரை எதைப் பற்றியது என்று குறிக்கும் பொருள் தலைப்புகளிலோ இருந்தால்தான் அகப்படும். ஸ்கேன் வழியாக வந்த 1946-க்கு முந்தையவற்றுக்குப் பொருள் தலைப்புகளும் இல்லாததால், மனிதர்கள் பற்றிய ஆய்வுகள் மட்டும் என்ற வடிகட்டியை ஒருவர் அழுத்தினால் அவை ஓசையின்றி மறைந்துவிடும். விடைப் பட்டியலைப் பார்ப்பவருக்கு எதுவும் விடுபட்டதாகத் தெரியாது. பழைய ஆண்டுகளைத் தேடும்போது எல்லா வடிகட்டிகளையும் நீக்கிவிட்டு, ஆண்டு வரம்பை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நோய்ப் பெயர்களுக்கு அக்காலச் சொற்கள் வேண்டும். காசநோய்க்கு டியூபர்குலோசிஸ் என்று மட்டும் தேடினால், தைசிஸ் என்றும் கன்ஸம்ப்ஷன் என்றும் தலைப்பிட்ட கட்டுரைகள் வாரா. பிறமொழிக் கட்டுரைகளுக்குப் பப்மெட் தலைப்பை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பகர அடைப்புக்குள் தருகிறது. இண்டெக்ஸ்கேட் மூலமொழியிலேயே வைத்திருக்கிறது. ஜெர்மன் தலைப்பை எங்கே இடுவது, ஆங்கிலத் தலைப்பை எங்கே இடுவது என்பதை இதைக்கொண்டு முடிவு செய்யலாம். நூல் முழுவதும் ஸ்கேன் ஆகியிருந்தும் பக்கங்களைத் திறக்க அனுமதி இல்லாதபோது, ஸ்கேன் செய்த நூல்களின் இணைய நூலகமான ஹாத்திடிரஸ்ட்டின் முழு உரைத் தேடல் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதையாவது சொல்லிவிடும். தொகுதியையும் பக்கத்தையும் சரிபார்க்க அதுவே பல நேரம் போதுமானது.

எழுத்துணரி கூறியவற்றில் ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை என்பது என் கருத்து. கணக்கிட்டுக் கண்டுபிடித்த பிழையை அட்டையின் உரையிலேயே திருத்திவிடக் கூடாது. அட்டையில் இருந்தபடியே ஒரு புலம், திருத்திய வடிவத்துக்கு வேறு புலம், எதைக்கொண்டு திருத்தினீர்கள் என்பதற்கு மூன்றாவது புலம் என்று வையுங்கள். பிழையான 15-உம் பயனுள்ள தரவுதான். அதே பிழையான எண்ணோடு வேறொரு பட்டியலிலிருந்து வருபவர், உங்கள் தொகுப்பில் அந்த எண் அழிக்கப்பட்டிருந்தால் கட்டுரையைக் கண்டடைய மாட்டார். எங்கும் பொருந்தாத குறிப்புகளுக்கும் வெறுமனே கிடைக்கவில்லை என்று எழுதாமல், எந்தெந்தத் தளங்களில் எந்தத் தேதியில் தேடப்பட்டது என்று பதிந்து வையுங்கள். பழைய இதழ்கள் இன்னும் ஸ்கேன் செய்யப்பட்டு வருகின்றன. பின்னால் வருபவர் அவற்றை மட்டும் எடுத்து மீண்டும் தேடிப் பார்க்க அந்தப் பதிவு உதவும்.