சும்மா இருக்கும்போதே சிபியு 25 சதவீதம்: பயாஸா, மதர்போர்டா?

வீட்டு டெஸ்க்டாப்பில் எதையும் திறக்காமலே சிபியு 25 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஐ3 8100, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. நாகர்கோவிலில் போன மாதம் அடித்த மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து இப்படி.

டாஸ்க் மேனேஜரில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது சிஸ்டம் இன்டரப்ட்ஸ், அதாவது ஹார்ட்வேர் பாகங்கள் சிபியுவைக் கூப்பிடும் வேலை. நாலு கோரில் ஒன்றை அதுவே முழுசாகத் தின்கிறது. ஃபேன் இரைச்சலில் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

வைரஸ் ஸ்கேனில் ஒன்றுமில்லை. கீபோர்டு, மவுஸ் தவிர எல்லா யுஎஸ்பியையும் கழற்றினேன். சேஃப் மோடிலும் அதே கதை. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் மாறவில்லை. கடைக்காரர் ராம் மாற்றச் சொல்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. எந்த டிரைவர் சிபியுவை இழுக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் சாஃப்ட்வேர், பவரைக் கவனிக்கும் ஏசிபிஐ.சிஸ் டிரைவரைத்தான் காட்டுகிறது.

பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும், கம்ப்யூட்டரைத் தொடங்கும் சாஃப்ட்வேர்) அப்டேட்டில் இது சரியாகுமா, இல்லை மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?