ஜிப்ஸி கிங்: கிளம்பும்போது அடியில் ‘டொக்’, ஏற்றத்தில் 4H கழன்றுவிடுகிறது

மலைவண்டி:
1999 மாடல் ஜிப்ஸி கிங், ஐந்து கியர். கிளட்சை விட்டதும் அடியிலிருந்து ‘டொக்’ என்று சத்தம். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் அதே சத்தம். அறுபதைத் தாண்டினால் தரை அதிர்கிறது. மண் ஏற்றத்தில் 4H (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு மிதித்தால் லிவர் தானாகக் கழன்றுவிடுகிறது. கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்கலாம் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

சேஸிஸ்:
கியர் பாக்ஸில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். இந்த வண்டியில் முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டி இருக்காது. சேஸிஸில் மூன்று ரப்பர் மவுன்ட்டில் தனியாக நிற்கும், இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடும். முன், பின் ஆக்சிலுக்கு ஒவ்வொன்று, ஆக மொத்தம் மூன்று ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். ‘டொக்’ சத்தம் பெரும்பாலும் இவற்றின் முனையில் மடங்கும் மூட்டான கிராஸிலிருந்தோ, கேஸின் மவுன்ட்டிலிருந்தோதான் வரும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். ஒரு கையால் ஃபிளாஞ்சையும் (ஷாஃப்ட் முனை போல்ட்டில் சேரும் தட்டு) மறு கையால் ஷாஃப்ட்டையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸில் கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் கப் ஓரத்தில் செம்மண் மாதிரி துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை டயர் லிவரால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் கேஸ் எழும்பும். மூன்று மவுன்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கேஸ் கோணலாக உட்கார்ந்து, புது ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஸ்லிப் யோக்கிலும் (ஷாஃப்ட்டில் பல்வரிசை மேல் நழுவும் கவை) பஞ்ச் அடித்து அடையாளம் வைக்க வேண்டும். ஸ்ப்ளைன் பல் மாறி ஏறினால் இரண்டு யோக்கும் ஒரே கோட்டில் நிற்காது. எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் அந்த அதிர்வு போகாது.

ஆயில்பிளக்:
4H கழல்வதற்கும் மவுன்ட்தான் முதல் சந்தேகம். முறுக்கு ஏறும்போது கேஸ் திரும்புகிறது, லிவர் தரையில் இடித்துத் தள்ளப்படுகிறது. மவுன்ட் மாற்றியும் கழன்றால் ஷிஃப்ட் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அந்த போல்ட்டை வெளியிலிருந்தே கழற்றிப் பார்க்கலாம். ஸ்பிரிங் நன்றாக இருந்தும் கழன்றால், கியரைக் கோக்கும் ஸ்லீவின் பல்லோ அதைத் தள்ளும் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும். கேஸைப் பிரிக்கும் வேலை அப்போதுதான்.

காய்ந்த தார் ரோட்டில் 4H போடாதீர்கள். முன், பின் ஷாஃப்ட்டுகள் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடும், அந்த வித்தியாசம் முழுவதும் முறுக்காக ஷாஃப்ட்டிலும் ஸ்லீவிலும் ஏறும். லிவர் சிக்கிக்கொண்டால் இழுத்து உடைக்க வேண்டாம். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும்.

கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் ஆக்சில் ஹவுசிங்குக்கு 2, பின் ஹவுசிங்குக்கு 1.5. கியர் பாக்ஸில் ஜிஎல்-4 தரமே ஊற்றுங்கள், கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு அதுதான் பாதுகாப்பு. முதலில் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வடிக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். வடித்த பிறகு மேல் பிளக் இறுகிப்போயிருப்பது தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

மலைவண்டி:
நன்றி சார். பின் ஷாஃப்ட்டில் ஆக்சில் பக்கக் கிராஸில் துருப்பொடி இருக்கிறது, ஒரு மவுன்ட் பிரிந்திருக்கிறது. பின் ஹவுசிங் மூக்கில் ஆயிலும் கசிகிறது. சீல் மாற்றி, பினியன் நட்டை ஏர் கன்னில் இறுக்கிவிடலாம் என்கிறார்கள்.

சேஸிஸ்:
ஏர் கன் கூடவே கூடாது. ஷாஃப்ட்டிலிருந்து ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் சின்ன கியர்தான் பினியன். அதன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டைத் தேவைக்கு மேல் இறுக்கினால் அது இன்னும் நசுங்கி பேரிங் இறுகும், சூடாகிக் கருகும், பிறகு பினியனும் அது சுழற்றும் பெரிய கிரவுன் கியரும் போகும். நட்டைக் கழற்றும் முன் பினியன் சுழல எவ்வளவு விசை வேண்டும் என்று ஸ்பிரிங் தராசால் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் கோடு போட்டு, கை ஸ்பேனரால் அதே கோட்டுக்கு வரும்வரை இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி சரிக்கட்ட முடியாது. புது ஸ்பேசர்தான் வழி.

புது சீல் போடும் முன் ஹவுசிங் மேலுள்ள பிரீதரை (காற்று வெளியேறும் துளை) கழற்றி ஊதிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, புது சீலிலும் ஆயில் கசியும்.