மறு: ஸ்கொயர்-ஃப்ரீ எண்ணுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம். 1-ஐத் தவிர வேறு முழு வர்க்கம் எதுவும் காரணியாக இல்லாத எண்ணை ஆங்கிலத்தில் ஸ்கொயர்-ஃப்ரீ (square-free) என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘வர்க்கமற்ற எண்’ என்றே வைத்துவிடலாமே. நேரடியாக இருக்கிறது.

நேரடிதான். ஆனால் படித்ததும் எண்களெல்லாம் செங்கொடி பிடித்து ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது எனக்கு. வர்க்கமற்ற சமுதாயம் என்று கேட்டுப் பழகிய காது!

கேலி இருக்கட்டும், கணக்காகவும் இது இடறும். எந்த எண்ணுக்கும் வர்க்கம் உண்டு. 6-இன் வர்க்கம் 36. ‘வர்க்கமற்ற’ என்றால் 6-க்கு வர்க்கமே கிடையாது என்றோ, 6 ஒரு முழு வர்க்கம் அல்ல என்றோதான் மாணவர் எடுத்துக்கொள்வார். பின்னதுதான் வம்பு. 12-உம் முழு வர்க்கம் அல்ல, ஆனால் அதற்குள் ஒரு 4 உட்கார்ந்திருக்கிறதே. நாம் சொல்ல வருவது, 1-ஐத் தவிர வேறெந்த முழு வர்க்கத்தாலும் வகுபடாத எண்ணை.

வகுப்பில் இது எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தால் சொல் கிடைத்துவிடும். வர்க்கமூலம் காண, எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து இரண்டிரண்டாகச் சேர்க்கச் சொல்கிறோம். 144-இல் 2×2, 2×2, 3×3 என எல்லாமே சோடி சேர்ந்துவிடும். சோடிக்கு ஒன்றாக வெளியே எடுத்துப் பெருக்கினால் 12. 72-இல் 2×2, 3×3 போக ஒரு 2 மிச்சம்; √72 = 6√2. 30-இல் 2, 3, 5 மூன்றும் தனித்தனி ஆள். √30-ஐ அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். சுருக்கி முடித்தபின் மூலக்குறிக்குள் தங்குவது எப்போதும் சோடி இல்லாத எண்தான்.

என் பரிந்துரை: சோடியிலி எண்.

‘முடிவிலி’ கணக்கில் முன்பே இருக்கிறது, ‘வரிசைச் சோடி’யும் பாடநூல் சொல்தான். ‘இரட்டையிலி’ என்றால் ஒற்றைப்படை என்று படித்துவிடுவார்கள். ‘இணையிலி’ கடவுள் வாழ்த்துக்குத்தான் சரி.

> 8-இல் மூன்று 2 இருக்கிறதே, அது எதில் சேரும்?

மூன்றில் இரண்டு சோடி சேர்ந்துவிடும், ஒன்று மிஞ்சும். ஒரு சோடி இருந்தாலே போதும், அது சோடியிலி அல்ல. 1-க்குப் பகாக் காரணியே இல்லை, அதனால் 1 சோடியிலி.

எங்கோ ஓரத்தில் கிடக்கிற எண்களுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டிருந்தீர்கள். 1 முதல் 100 வரை 61 சோடியிலிகள் இருக்கின்றன! மேலே போகப்போக அவற்றின் பங்கு 6/π²-ஐ, அதாவது சுமார் 60.8 சதவீதத்தை, நெருங்கும். ஆனாலும் அடுத்தடுத்த நான்கு எண்கள் சேர்ந்தாற்போல் சோடியிலிகளாக வரவே முடியாது. நான்கில் ஒன்றை 4 வகுத்துவிடும்.

க்யூப்-ஃப்ரீக்கு, அதாவது 1-ஐத் தவிர வேறெந்த முழுக் கனத்தாலும் வகுபடாத எண்ணுக்கு, ‘மும்மையிலி’ போதும் என்று நினைக்கிறேன். 12 சோடியிலி அல்ல, ஆனால் மும்மையிலி. நான்காம் அடுக்குக்குப் போனால் இந்த வழி திணறுகிறது. அங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இலங்கை நண்பர்களே, ‘சோடி’ உங்களுக்கு அன்றாடப் பேச்சுச் சொல் ஆயிற்றே, கணக்கில் வந்தால் காதில் உறுத்துமா?