அப்பா அம்மாவோடு மலைப்பக்கம் கார் பயணம்: ஓட்டலாமா, கூடாதா?

மியூனிக்_புதுசு
வணக்கம், கொஞ்சம் அவசரம். இன்று வியாழன். சனிக்கிழமை காலை வாடகைக் கார் எடுப்பதாக ஏற்பாடு. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, ஐப்ஸே ஏரி, கிரிம்ல் அருவி, ஹால்ஷ்டாட், திரும்பும்போது கோனிக்ஸே ஏரி. மொத்தம் மூன்று நாள். இன்று ஆபீஸில் ஒருவர், "உன் லைசென்ஸை வைத்து இங்கே ஜெர்மனியில் ஓட்டவே கூடாதே" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹால்ஷ்டாட் ரூமுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஓட்டலாமா, கூடாதா?

சூரிச்_வாசி
கோட்டையும் அருவியும்தானே வேண்டும், எங்கள் ஸ்விட்சர்லாந்து பக்கம் வந்துவிடுங்கள். ரைன் அருவி 150 மீட்டர் அகலம், ரயில் கிட்டத்தட்ட அதன் வாசலிலேயே நிற்கும். ஷில்லோன் கோட்டை ஏரிக்குள்ளேயே நிற்கிறது. கார் எதற்கு?

ஸ்டுட்கார்ட்_சுந்தரி
அவர் கேட்டது வேறு. தம்பி, எந்த நாட்டு லைசென்ஸ், எப்போது வந்தீர்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லையே. இந்திய லைசென்ஸ் என்றால் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். கூடவே ஜெர்மன் மொழிபெயர்ப்போ, ஊர் ஆர்.டி.ஓ.வில் வாங்கிய இன்டர்நேஷனல் பர்மிட்டோ வேண்டும். அதற்கப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

பெர்லின்_பாண்டி
அதெல்லாம் இல்லை, ஒரு வருஷம் ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

ஸ்டுட்கார்ட்_சுந்தரி
உங்களை யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். விபத்து ஆகியிருந்தால் தெரிந்திருக்கும்.

எண்பத்தாறில்_வந்தவன்
தம்பி, வந்த உடனே மலை, ஏரி என்று போகக் கிடைத்திருக்கிறதே, சந்தோஷம். நான் 86இல் அகதியாக வந்தபோது கையில் தந்த கடிதாசியின்படி எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மச்சான் அடுத்த மாவட்ட முகாமில் இருந்தான், பஸ்ஸில் நாற்பது நிமிடம். அவனைப் பார்க்கப் போவதென்றால் முதலில் அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். ஒருமுறை கேட்காமல் போய் பிடிபட்டு அபராதம் கட்டினேன். அந்தக் குளிரில் எனக்கு ஒரே ஒரு ஜாக்கெட், அதுவும் தேவாலயத்தில் தந்தது. கோட்டை பார்க்கப் போனது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான்.

பெர்லின்_பாண்டி
இப்போது மட்டும் என்ன வாழுகிறதாம்? நான் வந்தபோது வீடு கிடைக்கவே ஐந்து மாதம். கிடைத்த வீட்டில் சமையலறை என்று சுவரில் இரண்டு குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முந்தைய ஆள் சிங்க் முதல் அலமாரி வரை கழற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் குளியலறையில் ரைஸ் குக்கர்.

கொலோன்_கோகிலா
எங்கள் வீட்டில் பல்பைக் கூட விடவில்லை. வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு மெயில் போட்டால் பதில் வருவதற்குள் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும்.

மியூனிக்_புதுசு
வந்தது மே மாதப் பாதியில். இன்டர்நேஷனல் பர்மிட் இருக்கிறது. அப்படியென்றால் நவம்பர் பாதி வரை ஓட்டலாம், சரியா? அப்பாடா!

ரோசன்ஹைம்_ராசு
லைசென்ஸ் சரி. அதைவிடப் பெரிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. ரெசிடென்ஸ் கார்டு கையில் இருக்கிறதா? கிரிம்லும் ஹால்ஷ்டாட்டும் ஆஸ்திரியா.

மியூனிக்_புதுசு
கார்டு இன்னும் வரவில்லை. விசா ஆகஸ்டில் முடிந்தது. ஃபிக்‌ஷன் சர்டிஃபிகேட் என்று, கார்டு வரும்வரைக்கான தற்காலிகத் தாள் ஒன்று தந்திருக்கிறார்கள். அது போதும்தானே?

ரோசன்ஹைம்_ராசு
முதல் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஆளுக்கு, அந்தத் தாள் ஜெர்மனியில் தங்குவதற்குத்தான். அதை நம்பி ஆஸ்திரியா போகாதீர்கள். எல்லையில் என்ன சோதனை என்று நினைக்காதீர்கள். 2015 முதல் ஆஸ்திரியாவிலிருந்து வருகிற வண்டிகளை ஜெர்மன் போலீஸ் நிறுத்திப் பார்க்கிறது. அப்பா அம்மா ஷெங்கன் விசாவில் தாராளமாகப் போகலாம், வண்டி ஓட்டுகிற நீங்கள்தான் மாட்டுவீர்கள். ஹால்ஷ்டாட் ரூமை மறந்துவிடுங்கள். தேதி மாற்றித் தர முடியுமா என்று இன்றே ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள்ளேயே மூன்று நாளுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. சனி: ஃப்யூசன். ஊரை ஒட்டியே லெஷ் அருவி, 12 மீட்டர்தான், மனிதர் கட்டிய அணைதான், ஆனால் தண்ணீரின் பச்சை நிறத்துக்காகவே பார்க்கலாம். பிறகு ஆல்ப்ஸே ஏரி, நொய்ஷ்வான்ஸ்டைன். அக்டோபர் 16இலிருந்து கோட்டை பத்து மணி முதல் நான்கு மணி வரைதான், உள்ளே போகச் சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு நிற்க வேண்டும். ஏறுவது அரை மணி நேரத்துக்கு மேல், நல்ல செங்குத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சொல்லுங்கள், பஸ் இருக்கிறது. உள்ளே படிகளும் நிறைய. 1869இல் கட்டத் தொடங்கிய ராஜா லுட்விக் 1886இல் வேறொரு ஏரியில் இறந்து கிடந்தார், கோட்டையை முடிக்கவே இல்லை. உள்ளே போய் அரைமணியில் வெளியே தள்ளப்படுவதைவிட, கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாரியன் பாலத்தில் நின்று வெளியிலிருந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஞாயிறு: வீஸ் தேவாலயம், எட்டால் மடாலயம், லிண்டர்ஹோஃப் மாளிகை, மாலைக்குள் ஐப்ஸே. லுட்விக் முழுதாகக் கட்டி முடித்துப் பார்த்த ஒரே பெரிய மாளிகை லிண்டர்ஹோஃப்தான். அன்று குளிர்கால நேரத்துக்கு மாறுவதால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். திங்கள்: கார்மிஷில் பார்ட்னாக் பள்ளத்தாக்கு, 700 மீட்டர் நீளம், பாறைக்குள் குடைந்த நடைபாதை, தலைமேல் தண்ணீர் சொட்டும். மழைக்கோட்டு அவசியம். கோனிக்ஸே கிழக்குக் கோடியில் இருக்கிறது, இந்த முறை விட்டுவிடுங்கள். ஜெர்மனியின் மிக உயரமான ரோட்பாக் அருவிக்குக் கிட்டே போகும் படகும் அக்டோபர் பாதியோடு நின்றுவிடும்.

முக்கியமாக ஒன்று. ஃப்யூசனிலிருந்து லிண்டர்ஹோஃப் என்று போட்டால் மேப் உங்களை ராய்ட்டே, பிளான்ஸே வழியாக ஆஸ்திரியாவுக்குள் இழுத்துவிடும். அழகான ரோடு, ஆனால் உங்களுக்கு ஆகாது. ஷ்டைன்காடன், ஓபராம்மர்காவ் என்று நடுவில் இரண்டு ஊரைச் சேர்த்துவிடுங்கள்.

எண்பத்தாறில்_வந்தவன்
பாருங்கோ, நாற்பது வருஷமாகியும் கடிதாசி விடுகிறதில்லை. விண்டர் டயர் இருக்கிறதா என்று கார் எடுக்கும்போதே கேளுங்கள் தம்பி. தேதி கணக்கில்லை, ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் அந்த டயர் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் ஒரு தண்டனைப் பாயிண்ட் வேறு.

மியூனிக்_புதுசு
ரொம்ப நன்றி அண்ணா, ஐயா, அக்கா. ரூமுக்கு மெயில் போட்டுவிட்டேன். ஃப்யூசனில் சமையலறையோடு ஒரு வீடு கிடைத்தது. அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை அங்கே தயிர் கிடைக்குமா?

ஸ்டுட்கார்ட்_சுந்தரி
ஞாயிறு கடையெல்லாம் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு எட்டுக்குள் வாங்கிவிடச் சொல்லுங்கள். 3.5 சதவீதம் கொழுப்பு என்று போட்ட டப்பாவை எடுங்கள், வனிலா போட்டதைத் தூக்கிவந்துவிடாதீர்கள்.