புதுப்பிப்பு: ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷனில் எதை வாங்கினேன்

பழைய காமிக்ஸ் மூல ஓவியங்களை வரைந்த அதே அளவில் அச்சிடும், அமெரிக்கப் பதிப்பகமான ஐடிடபிள்யூவின் ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் வரிசையில் எதில் தொடங்கலாம், எப்படிப் பாதுகாக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னது, 2010-இல் வரிசையின் முதல் புத்தகமாக வந்த, டேவ் ஸ்டீவன்ஸ் வரைந்த 'ராக்கெட்டியர்'. எனக்கு வால்டர் சைமன்சன் வரைந்த மார்வெல் காமிக்ஸ் 'தோர்' நல்ல நிலையில் கிடைத்ததால் அதையே வாங்கிவிட்டேன்.

பிரமாதம்! படங்கள் கறுப்பு வெள்ளைதான், ஆனால் ஸ்கேன் செய்வது வண்ணத்தில். அதனால் தாளின் பழுப்பு, அழியாமல் நின்ற பென்சில் கோடு, திருத்தத்துக்குப் பூசிய வெள்ளை எல்லாம் அப்படியே தெரிகின்றன. வசனங்களை எழுத்தாக வரைந்த ஜான் வொர்க்மேன் ஓவியத்தாளிலேயே கையால் எழுதிய எழுத்துகளைப் பாருங்கள். பெரிய ஓசைச் சொற்கள் படத்தின் ஒரு பகுதியாகவே நிற்கின்றன. வண்ணம் பூசிய இதழில் இது எனக்குப் புலப்படவே இல்லை.

இதே வரிசையில், 1950-களில் ஈசி காமிக்ஸ் நிறுவனத்துக்கு வாலி வுட் வரைந்த கதைகளின் தொகுப்பு மட்டும் ஏன் அவ்வளவு பெரியது என்று ஒருவர் கேட்டிருந்தார். 1967 வாக்கு வரை அமெரிக்க ஓவியர்கள் அச்சுப் பக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அளவில் வரைந்தார்கள். பிறகுதான் அது ஒன்றரை மடங்கானது. 'தோர்' 1980-களின் படைப்பு, அதனால் அதன் மூல ஓவியம் சிறியது.

அப்புறம், புத்தகத்தைப் படுக்கவைத்துத்தான் வைத்திருக்கிறேன். நிறுத்தினால் உள்தாள்களின் கனம் பைண்டிங்கை இழுத்துவிடும்.

அடுத்து வுட்தான். நியாயமான விலையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.