"ஒத்துக்காது" என்று சொன்னால் போதாது: பள்ளி விழாக்களும் பிள்ளைகளின் உணவு அலர்ஜியும்

கோவையிலிருந்து ஓர் அம்மா

என் பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. இரண்டு வயதில் கடலை மிட்டாய் ஒரு துண்டு தின்றதும் முகமெல்லாம் தடித்துவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்தில் ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அதற்குப் பிறகு வீட்டில் கடலை வாங்குவதையே விட்டுவிட்டோம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது வகுப்பு மிஸ்ஸை நேரில் பார்த்து, "இவனுக்குக் கடலை ஒத்துக்காது மிஸ்" என்று சொன்னேன். டைரியிலும் எழுதினேன்.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் பள்ளியில் பூஜை. பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம் எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கலந்து வைத்திருக்கிறார்கள். மிஸ் நான் சொன்னதை மறக்கவே இல்லை. இவன் பங்கை மட்டும் தனியாக ஒரு தட்டில் எடுத்து, பொட்டுக்கடலையையும் வேர்க்கடலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, பொரியும் வெல்லமும் மட்டும் கொடுத்திருக்கிறார். பாவம், அத்தனை அக்கறையாகச் செய்தவரை நான் எப்படிக் குறை சொல்வது? வறுத்த வேர்க்கடலையின் அந்தச் சிவப்புத் தோல் பொரியோடு பொரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கடலையைப் பொறுக்கினாலும் அந்தத் தூள் போகாது.

பதினொன்றே காலுக்குப் பள்ளியிலிருந்து போன். "வாந்தி எடுத்தான் மேடம், வயித்துக்கு ஒத்துக்கல போல. படுக்க வெச்சிருக்கோம், பயப்படாதீங்க." போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். "அம்மா" என்றான். அந்தக் குரல் என் பிள்ளையின் குரலாகவே இல்லை. சளி பிடித்த பெரியவர் பேசுவது போல அடைத்துக்கொண்டு வந்தது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு, விடாத இருமல்.

மருத்துவமனையில் தொடையில் ஒரு அட்ரினலின் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் குரல் திரும்பியது. உடனே வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. சரியானது போல இருந்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்று இரவு வரை வைத்திருந்தார். வாந்தியும் தடிப்பும் சேர்ந்து வந்தாலே அது வயிற்றுக் கோளாறு இல்லை, உடம்பு முழுக்க நடக்கும் அலர்ஜி என்பதையும், தடிப்பை அடக்கும் மாத்திரையும் சிரப்பும் மூச்சைக் காப்பாற்றாது, அதற்கு அட்ரினலின்தான் முதல் மருந்து என்பதையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். முதல் தடவை தடிப்போடு போனால் அடுத்த தடவையும் தடிப்போடு போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லையாம்.

இதில் நான் புரிந்துகொண்டது ஒன்று. நம் வீடுகளில் தயிர் ஒத்துக்காது, கத்திரிக்காய் ஒத்துக்காது, மாம்பழம் சூடு, ஒத்துக்காது. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். கேட்பவர் காதில் அது தும்மல், அரிப்பு, வயிற்றுப்போக்கு என்றுதான் விழும். "சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடும்" என்று நான் சொல்லவே இல்லையே. சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அடுத்த சிக்கல் "கடலை" என்ற சொல். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு எல்லாமே கடலை. என் பையனுக்கு இவை எதுவும் பிரச்சினை இல்லை என்று டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார் (எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்). ஆகவே ஒரு மிஸ் பஜ்ஜியைத் தடுக்கிறார், இன்னொருவர் வேர்க்கடலை அரைத்த சட்னியை "இது தேங்காய்ச் சட்னிதானே" என்று விடுகிறார். செக்கு எண்ணெயும் அப்படித்தான். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். நல்லது என்று நாம் தேடிப் போய் வாங்குவதுதான் இவனுக்கு ஆபத்து.

மதுரையிலிருந்து ஓர் அப்பா

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எங்களுக்குப் பால். மகளுக்கு இப்போது ஏழு வயது.

பால் என்று சொன்னதும் எல்லோரும் சொல்வது, "லாக்டோஸ் இல்லாத பால் வாங்கிக் கொடுங்க சார்." அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதவர்களுக்கு. இவளுக்கு ஆகாதது பாலின் புரதம். லாக்டோஸை எடுத்தாலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கும். நெய்யிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வகுப்பில் மாதம் மூன்று நான்கு பிறந்தநாள் வரும். கேக் வந்தால், "இது எக்லெஸ்தான், பாப்பா சாப்பிடலாம்" என்று ஆசையாக நீட்டுவார்கள். முட்டை போடாத கேக்கில் அதற்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க் அல்லது தயிர். இவளுக்கு முட்டை கேக்கை விட அது மோசம். ஒரு முறை ஒரு பேக்கரியில் கேட்டேன். "பால் கலக்காத கிரீம்தான் சார்" என்று டப்பாவையே காட்டினார்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் சோடியம் கேசினேட் என்று இருந்தது. கேசின் என்பதே பால் புரதம்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியாது.

பாக்கெட் உணவு என்றால் பரவாயில்லை. 2020-இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை இவற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். என் மகள் ஆங்கிலத்தில் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல் "மில்க்". அவள் பெயர்கூட அப்புறம்தான். ஆனால் பேக்கரி கேக்கிலும் ஸ்வீட் ஸ்டாலில் எடை போட்டு வாங்கும் இனிப்பிலும் எந்த லேபிளைப் படிப்பது?

யு.கே.ஜி. படிக்கும்போது ஒரு நாள் வேனிலிருந்து வலது கையை இறுக்க மூடிக்கொண்டே இறங்கினாள். திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மெதுவாக விரித்தாள். யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லேட். உறை பிரிந்து, கை முழுக்க உருகி வழிந்திருந்தது. "நான் நக்கவே இல்லப்பா. நீங்க படிச்சுப் பாருங்க, சாப்பிடலாமான்னு" என்றாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பார்த்தால் உள்ளங்கை எல்லாம் தடிப்பு. எறும்பு கடித்தது போல வரிசையாக. மத்தியானத்திலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாளே ஒரு டப்பா வாங்கி அவள் பெயர் எழுதி மிஸ்ஸின் அலமாரியில் வைத்தோம். எள்ளுருண்டை, பொரி உருண்டை, வெண்ணெய் சேர்க்காத முறுக்கு, அவளுக்கு ஆகும் மிட்டாய். யார் எதைக் கொடுத்தாலும் மிஸ் வாங்கி வைத்துக்கொண்டு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பிவிடுவோம். எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும்போது அவள் கையிலும் ஒன்று இருக்கிறது. பிறந்தநாள் பாட்டை இப்போது அவள்தான் முதலில் ஆரம்பிக்கிறாள் என்று மிஸ் சொன்னார்.

திண்டிவனம் பக்கம் ஓர் ஆசிரியை

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இங்கே வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். அறுவடைச் சமயத்தில் பிள்ளைகள் டிராயர் பாக்கெட் நிறைய அவித்த மல்லாட்டையோடுதான் வருவார்கள். ஆகவே வகுப்பில் கடலையே கூடாது என்று சட்டம் போட எனக்கு வழி இல்லை.

சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு பையன் எப்போதும் பழம்தான் வாங்குவான். சைவக் குடும்பம் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். அவன் அம்மா ஒரு நாள் வந்தபோது பேச்சுவாக்கில், "முட்டை தின்னா மூச்சு இழுக்கும் டீச்சர்" என்றார். எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. அதே கரண்டியில் முட்டை வைத்து, அதே கையால் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறோம்.

எங்களுக்குப் பயம் காட்டுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் டைரியில் ஒரு வரி எழுதினால் அது மறந்துபோகும். பிள்ளையின் புகைப்படத்தோடு, தமிழில், பெரிய எழுத்தில் ஒரு அட்டை கொடுங்கள். அலமாரிக் கதவில் ஒட்டுகிறேன். நான் லீவு போட்டால் வருகிற ஆசிரியருக்கும், சமையல் அக்காவுக்கும் அது கண்ணில் படும்.

இன்னொன்று, காக்கா கடி. சட்டைத் துணிக்குள் மிட்டாயை வைத்துக் கடித்து ஆளுக்குப் பாதி கொடுக்கும் அந்தப் பழக்கம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா! அதை நிறுத்து என்று சொல்ல மனம் வரவில்லை. "அவனுக்குக் கொடுக்காதே" என்று சொன்னால் நாளடைவில் அவன் பக்கத்தில் உட்காரவே மாட்டார்கள். "கேட்டுட்டுக் கொடு" என்று மட்டும் சொன்னேன். இப்போது என்னை விடக் கண்காணிப்பாக இருப்பது அவன் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர். சமையல் அக்கா புளிசாதம் கொண்டுவந்தால்கூட, "அக்கா, இதுல முட்டை இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும். கொரோனா சமயத்து சானிடைசர் கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய கடலையையோ முட்டையையோ அகற்றாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான்.

பண்ருட்டிக்காரி ஒருத்தி

முந்திரிக் காட்டுக்கு நடுவில் பிறந்த என் மகளுக்கு முந்திரி ஆகாது. பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். பள்ளிப் பொங்கல் விழாவில் "முந்திரியை எடுத்துட்டுக் கொடுக்கிறோம்" என்பார்கள். நெய்யில் வறுத்து அந்த நெய்யோடுதானே கொட்டுகிறார்கள், எதை எடுப்பது? குருமாவில் அரைத்து விட்டால் கண்ணுக்கும் தெரியாது. இப்போது விழா அன்று தாளிப்பதற்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைக்கச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பள்ளியை விட வீடுதான் கஷ்டம். "கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரிடமே அவரை அழைத்துப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலையைக் கொடுத்துவந்தால் அலர்ஜி வருவது வெகுவாகக் குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் கண்டது உண்மைதான். அது வராமல் தடுக்க. வந்துவிட்ட பிள்ளைக்கு அளந்து அளந்து கொடுத்துப் பழக்குவதும் உண்டு, அது சிறப்பு மருத்துவர் கண்முன் நடக்க வேண்டியது, அடுப்படியில் செய்யக் கூடாது. அத்தை அதற்குப் பிறகு பாயசத்தில் முந்திரி போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

கோவை அம்மா, மறுபடியும்

டீச்சர், அந்த அட்டையை நாங்கள் போன வருடமே செய்துவிட்டோம். ஊசியைப் பற்றியும் சொல்கிறேன். தானாகக் குத்தும் பேனா ஊசி எங்களுக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் அட்ரினலின் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக் கொடுத்தார். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கு. அப்போது அவன் 18 கிலோ, ஆகவே 0.18 மில்லிகிராம். அந்த ஆம்பூலில் ஒரு மி.லி.க்கு ஒரு மில்லிகிராம் மருந்து, ஆகவே 0.18 மி.லி. ஒரு மில்லி சிரிஞ்சில் அந்த இடத்தில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தார். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம், அதன் ஊசி சின்னது, தசைக்குள் போகாது என்றார். எடை கூடக் கூட அளவை அவரே மாற்றித் தருகிறார். ஆம்பூல் உடைத்து மருந்து ஏற்றுவதற்கு வெறும் தண்ணீரை வைத்து நானும், மிஸ்ஸும், ஆபீஸில் இருக்கும் ஒரு சாரும் எத்தனையோ முறை பழகினோம். முதலில் பள்ளியில் மறுத்தார்கள். டாக்டர் கடிதம் கொடுத்து, நானும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறார்கள். காலாவதித் தேதியை நான் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் போய்ப் பார்க்கிறேன்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மிஸ்ஸே போன் பண்ணினார். "இந்தத் தடவை வேர்க்கடலை வாங்கல மேடம். பொரி பாக்கெட்டை மட்டும் நீங்க ஒரு தடவை பார்த்துடறீங்களா?" போய்ப் பார்த்தேன். பொரியும் வெல்லமும் பொட்டுக்கடலையும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தாம்பாளத்திலிருந்து. இவனும் வரிசையில் நின்று வாங்கினான்.

அட்டையில் இருப்பதை அப்படியே தருகிறேன். உங்கள் டாக்டரிடம் காட்டி, உங்கள் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேர்க்கடலை ஒரு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். நிலக்கடலை, மல்லாட்டை, மணிலாக்கொட்டை எல்லாம் அதுதான். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலை மாவு சாப்பிடுவேன்.

உதடு, நாக்கு வீங்கினால், குரல் மாறினால், விடாமல் இருமினால், தடிப்போடு வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம். அலமாரி மேல்தட்டு, மஞ்சள் டப்பா. தொடையின் வெளிப்பக்கம் ஊசி.

படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்த்து உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள்.

108-க்கு போன். அப்புறம் அம்மாவுக்கு.