புதுப்பிப்பு: புது கேமரா வாங்கவில்லை, லென்ஸ் மட்டும்தான்

போன மாதம் கேட்டிருந்தேனே, என் கேனன் 1500டி கேமராவை விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேமுக்கு (பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கு) போகலாமா என்று, கடைசியில் பாடியை அப்படியே வைத்துக்கொண்டு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் மட்டும் வாங்கினேன் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). அக்கா மகள் காதுகுத்தில், மங்கலான மண்டபத்தில், கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55 எம்எம்-ல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. புது லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400-லிருந்து 800-க்கு இறங்கியது. ஆனால் இந்த சென்சார் ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது, 1.6 கிராப், அதனால் 50 எம்எம் லென்ஸ் அங்கே 80 எம்எம் தெரிகிற மாதிரி நெருக்கமாகத்தான் தெரியும், வீட்டு ஹாலில் எல்லாரையும் அடக்க நான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எஃப்/1.8-ல் ஷார்ப்பாக விழும் ஆழம் மிகக் குறைவு, பாதிப் படங்களில் கண்ணுக்குப் பதில் மூக்கு ஷார்ப். லென்ஸ் தப்பில்லை, என் தப்பு, எஃப்/2.8 வைத்ததும் சரியானது. அடுத்து 24 எம்எம் பேன்கேக் (இன்னும் அகலமாகக் காட்டும் தட்டையான லென்ஸ்). ஃபுல் ஃபிரேம் அப்புறம் பார்க்கலாம்.